காகித ஆலைக்கு ஒரு சிறுநீரகம்

 பின்னால் சுவரோரம் நிற்கும் மாணவத் தோழர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். வேதியியல் பேச்சு என்றால் முன்வரிசை காலியாக இருப்பது வழக்கம்தான். நான் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

இந்த மேசையில் மூன்று புட்டிகள் இருக்கின்றன. முதல் புட்டியில் இருப்பது கன்னங்கரேல் என்று, கழிவு எண்ணெய் போல இருக்கிறது. இதற்குக் காகித ஆலையில் பெயர் பிளாக் லிக்கர். சிரிக்காதீர்கள்! குடிக்கிற லிக்கர் அல்ல. மரத்தை வேகவைத்து நாரை எடுத்த பிறகு மிஞ்சும் கருஞ்சாறு. மற்ற இரண்டு புட்டிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கருஞ்சாற்றுக்குள் மறைந்திருக்கும் கல்லையும் சுண்ணாம்பையும் உப்பையும் ஒரு சவ்வை வைத்து வடித்து எடுக்க முடியுமா? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

மரத்துக்குள் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு முன் மரம் எப்படி வேகிறது என்று பார்த்துவிடுவோம்.

மரத்தில் நார் இருக்கிறது. நாரையும் நாரையும் ஒட்டிப் பிடித்திருக்கும் பசை ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் லிக்னின். காகிதத்துக்கு நார் வேண்டும், பசை வேண்டாம். 1879-இல் டான்சிக் நகரத்தில், இன்றைய போலந்தின் கதான்ஸ்க் நகரத்தில், கார்ல் தால் என்ற வேதியியலர் ஒரு வழி கண்டார். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் மரச் சில்லுகளைப் போட்டு, பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் ஏறத்தாழ 170 டிகிரி வரை சூடாக்கினால் லிக்னின் கரைந்துபோகும், நார் மிஞ்சும். அந்த நாரில் செய்த காகிதம் கிழியாமல் உழைத்தது. ஜெர்மன் மொழியில் கிராஃப்ட் என்றால் வலிமை. மளிகைக் கடைக்காரர் சாமான் போட்டுக் கொடுக்கும் பழுப்பு நிறக் கவர் இருக்கிறதே, அது அந்தக் கிராஃப்ட் வழியில் பிறந்ததுதான்.

மரத்தில் பாதி நாராக மிஞ்சுகிறது. மற்றப் பாதி இந்தப் புட்டிக்குள் வந்துவிடுகிறது. ஒரு டன் கூழ் எடுத்தால் சுமார் 7 டன் கருஞ்சாறு. இதைக் கொட்டிவிடலாமா? கொட்டினால் ஆறும் சாகும், ஆலையும் சாகும். போட்ட சோடா அத்தனையும் இதற்குள்தான் இருக்கிறது. ஆகவே சாற்றைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். பாகு பதம் வந்ததும் கொதிகலனில் எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. சோடா அடியில் உருகி ஓடுகிறது. அதை நீரில் கரைத்தால் பச்சைச் சாறு. அதில் சுண்ணாம்பு சேர்த்தால் மறுபடியும் வெள்ளைச் சாறு. வெள்ளைச் சாறு மரத்தை வேகவைக்கும், கறுப்பாகும், பச்சையாகும், திரும்பவும் வெள்ளையாகும். நன்றாக நடக்கும் ஆலையில் போட்ட ரசாயனத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்துவிடும். என் கணக்கில் தொழில்துறை கண்ட மிக அழகான சுற்று இது.

அழகான சுற்று. ஆனால் சுற்றுக்குள் ஒரு திருடன் புகுந்துவிடுகிறான்.

மரம் காற்றைக் குடித்து மட்டுமா வளர்கிறது? வேர் மண்ணையும் அல்லவா குடிக்கிறது! சுண்ணச்சத்து, பொட்டாசியம், மக்னீசியம், மாங்கனீசு, குளோரைடு, சிலிக்கா எல்லாம் மரத்தோடு ஆலைக்குள் வருகின்றன. யாரும் வாங்கவில்லை, யாரும் கேட்கவில்லை, ஆனால் வருகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தில் வெட்டிய மரங்களைக் கடலில் மிதக்கவிட்டுக் கட்டி இழுத்து வருவார்கள். மரம் கடலுப்பையும் குடித்துவிட்டு ஆலைக்கு வரும்.

மரத்திலாவது இவை கொஞ்சம்தான். புல்லினத்துக்கு வாருங்கள். நெல் தாள் கையை அறுக்கும், அறிந்திருப்பீர்கள். அறுப்பது எது? அதன் ஓரத்தில் இருக்கும் சிலிக்கா. நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கினார்களே, பல்லைத் தேய்த்தது எது? அதே சிலிக்கா. மணலும் அதுதான், கண்ணாடியும் அதுதான். நூறு கிலோ வைக்கோலில் சுமார் 10 கிலோ சிலிக்கா இருக்கும். மூங்கிலிலும் கரும்புச் சக்கையிலும் அவ்வளவு இல்லை, ஆனால் மரத்தைவிட அதிகம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை நமக்குத் தெரியும். சக்கையை நம்பிய ஊரில் சிலிக்கா என்பது ஏட்டில் படிக்கும் சொல் அல்ல.

இந்தத் தாதுக்கள் சுற்றுக்குள் வந்து என்ன செய்கின்றன? ஒரு ராத்திரிக் கதை சொல்கிறேன்.

நான் ரசாயன மீட்புப் பிரிவில் வேலை பார்த்த ஆலை ஒன்று. பெயர் வேண்டாம். கருஞ்சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரில் நூற்றுக்கணக்கான குழாய்கள் உண்டு. ஒரு ராத்திரி ஷிஃப்டில் நீராவி எவ்வளவு கொடுத்தாலும் சாறு கெட்டிப்படவே இல்லை. மேஸ்திரி வந்து எவாப்பரேட்டரின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “உள்ள ஓடு கட்டிடுச்சு சார்” என்றார். மறுநாள் திறந்தோம். முட்டை ஓட்டைப் போல வெள்ளைப் படிவு, குழாயின் உட்சுவர் முழுக்க. முட்டை ஓட்டைப் போல என்று சொன்னது உவமைக்காக அல்ல. இரண்டும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அமிலம் ஊற்றியதும் சோடா போல நுரைத்துக்கொண்டு போனது. அதோடு போயிருந்தால் நல்லது. அதன் அடியில் கண்ணாடி போல மெல்லிசாக இன்னொரு படிவு. அதுதான் சிலிக்கா வகை. அமிலத்துக்கும் அசையவில்லை. நீரைப் பீரங்கி போலப் பீய்ச்சி, இரண்டு நாள் உடைத்தார்கள். இரண்டு நாள் ஆலை நின்றது.

உங்கள் வீட்டுக் கெய்சரில் நடப்பதுதான் இது. சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் தலைகீழ். எங்கே சூடு அதிகமோ அங்கே போய்ப் படியும். எந்தச் சுவர் சூடாக இருந்தால்தான் வேலை நடக்குமோ, சரியாக அந்தச் சுவரில்!

அப்படியானால் இத்தனை காலம் ஆலைகள் எப்படி ஓடின? இந்தத் தாதுக்கள் எங்கே போயின? சொல்லவே வாய் கூசுகிறது. ஆற்றுக்குப் போயின. கழுவிய நீரோடு, சிந்திய சாற்றோடு, கசிந்த குழாயோடு ஆற்றுக்குப் போயின. நம் உடம்பில் வேண்டாத உப்பை வெளியேற்ற சிறுநீரகம் இருக்கிறதே, ஆலைக்கு அந்த வேலையைச் செய்துவந்தது ஆறு. ஆற்றில் கழிவு விடக் கூடாது என்று சட்டம் வந்தது. வர வேண்டியதுதான், இன்னும் முன்னமேயே வந்திருக்க வேண்டும். வாய்க்காலை அடைத்தார்கள், ஆறு பிழைத்தது. ஆனால் ஆலைக்குச் சிறுநீரகம் போயிற்று.

இது வெறும் பேச்சு அல்ல. கனடாவில், சுப்பீரியர் ஏரிக் கரையில் தண்டர் பே என்று ஓர் ஊர். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ராப்சன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் டக்ளஸ் ரீவும் ஒரு கனவு கண்டார்கள். கூழை வெளுக்கும் பிரிவின் கழிவுநீரை ஏரிக்கு விடாமல் மறுபடியும் ஆலைக்குள்ளேயே திருப்புவது, அதில் சேரும் உப்பை வெள்ளைச் சாற்றிலிருந்து படிகமாக்கி எடுத்துவிடுவது. 1977-இல் அங்கே முழு ஆலை அளவில் அது ஓடத் தொடங்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கழிவே வெளியேறாத ஆலையில் குளோரைடு வெளியேறாமல் சுற்றியது, கொதிகலன் குழாய்களை அரித்தது, சாம்பலைப் பசையாக்கிப் புகை போகும் வழியை அடைத்தது. எண்பதுகளில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். நான் ராப்சனைக் குறை சொல்ல மாட்டேன். வாசலை அடைக்கிறவன் குப்பைக்கு வேறு வழி செய்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும் என்பதை முழு ஆலை அளவில் செய்து காட்டியவர் அவர்.

இன்னொரு பக்கம் சீனாவைப் பாருங்கள். ஹுவாய் ஆற்றுப் படுகையில் வைக்கோலை வேகவைத்த சின்னச் சின்ன ஆலைகள் ஏராளம். மரச் சாற்றைப் போல வைக்கோல் சாற்றைச் சுண்டவைத்து எரிக்க அவர்களால் முடியவில்லை. ஏன்? சிலிக்கா! சாறு கூழாகிவிடும், குழாய் அடைத்துவிடும், பச்சைச் சாற்றில் மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றையும் மறுபடி சுட்டுப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஆற்றில் விட்டார்கள், ஆறு கறுத்தது. 1996-இல் ஆண்டுக்கு 5,000 டன்னுக்கும் குறைவாகக் கூழ் எடுத்த ஆலைகளை அந்தப் படுகையில் மூடச் சொன்னது சீன அரசு. உமிக்கரியில் பல் துலக்கிய அதே பொருள், ஆலைகளை வரிசையாகச் சாத்தவைத்துவிட்டது.

சரி, சிறுநீரகம் வேண்டும். நான் வலிந்து சொல்லும் உவமை அல்ல இது. ஐரோப்பியக் காகித ஆலைகளில் உள்சுற்று நீரைச் சுத்தம் செய்யும் கருவிக்குப் புழக்கத்தில் உள்ள பெயரே கிட்னிதான். எங்கே வாங்குவது அதை?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கதை வருகிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1861. லண்டனில் அரசு நாணயச் சாலையின் தலைவராக இருந்தவர் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வேதியியலர். அவர் ஒரு வளையத்தில் பார்ச்மென்ட் காகிதத்தை மத்தளத்துக்குத் தோல் கட்டுவதுபோல இழுத்துக் கட்டினார். சாதாரணக் காகிதத்தைக் கந்தக அமிலத்தில் தோய்த்துச் செய்வது அந்தக் காகிதம். அதற்குள் சோடியம் சிலிக்கேட்டையும் அமிலத்தையும் கலந்து ஊற்றி, சுத்த நீரில் மிதக்கவிட்டார். சில நாளில் என்ன நடந்தது தெரியுமா? உப்பு காகிதத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. சிலிக்கா உள்ளேயே நின்றுவிட்டது! உப்பு போகட்டும், சிலிக்கா நிற்கட்டும் என்று பிரித்துக் காட்டியது ஒரு காகிதம். அந்தச் செயலுக்கு டயாலிசிஸ் என்று பெயர் வைத்ததும் கிரஹாம்தான்.

அடுத்தது 1943. நெதர்லாந்தின் காம்பன் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருக்கிறது. வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் செய்கிறார். சவ்வுக்கு எங்கே போவார்? இறைச்சி அடைத்து விற்கும் செல்லோஃபேன் உறை இருந்தது. அதை ஓர் உருளையில் சுற்றினார்; நோயாளியின் ரத்தத்தை அதற்குள் ஓடவிட்டார். தொடக்கத்தில் நோயாளிகள் அநேகமாகப் பிழைக்கவில்லை. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தார். செல்லோஃபேன் எதில் செய்வது? மரக் கூழில்!

அதற்கடுத்துக் கலிஃபோர்னியா. கடல்நீரைக் குடிநீராக்க சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சவ்வு வார்த்தார்கள். உங்கள் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. பெட்டிக்கு அதுதான் மூதாதை. 1965-இல் கோலிங்கா என்ற ஊருக்கு அந்த வழியில் குடிநீர் கொடுத்தார்கள். அந்தச் சவ்வு எதில் செய்தது? செல்லுலோஸ் அசிட்டேட்டில். அதுவும் மரத்தின், பருத்தியின் நார்ச்சத்துதான்.

மனிதனின் ரத்தத்தைக் கழுவ மரம் சவ்வு கொடுத்தது. கடலைக் குடிக்க மரம் சவ்வு கொடுத்தது. தன்னை வேகவைக்கும் ஆலைக்கு மட்டும் மரத்தால் சவ்வு கொடுக்க முடியவில்லை! ஏனென்றால் கருஞ்சாற்றின் பி.எச். 13-ஐத் தொடும், சூடு 80, 90 டிகிரி. செல்லுலோஸ் அசிட்டேட் அந்தக் காரத்தில் சிதைந்துபோகும். ஆகவே வேறு சவ்வு தேடினார்கள். பாலிசல்ஃபோன் போன்ற பாலிமர்கள் ஓரளவு தாங்கின. அதற்கும் மேலே டைட்டானியா, சிர்கோனியா பூசிய பீங்கான் குழாய்கள் வந்தன. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கருஞ்சாற்றைப் பீங்கான் சவ்வில் வடிக்கும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. டைட்டானியா, சிர்கோனியா எல்லாம் என்ன? மண்ணிலிருந்து வந்த தாதுக்கள்தான். முள்ளை முள்ளால் எடுக்கிறோம்.

இந்தச் சவ்வு காபி ஃபில்டர் போல வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். காபி ஃபில்டரில் தூள் அடியில் படியும், கொஞ்ச நேரத்தில் இறங்குவது சொட்டுச் சொட்டாகிவிடும். கருஞ்சாற்றை அப்படி வடித்தால் பத்து நிமிடத்தில் அடைத்துவிடும். கோடையில் ஆற்றோரம் ஊற்று தோண்டியிருக்கிறீர்களா? ஆறு தன் பாட்டுக்கு நேராக ஓடும். மணல் வழியே நீர் பக்கவாட்டில் கசிந்து ஊற்றில் தெளிவாக நிற்கும். ஓட்டமே மணலை அரித்துக் கழுவிக்கொண்டிருக்கும். இதுவும் அப்படித்தான். சாறு குழாய்க்குள் வேகமாக ஓடுகிறது. சுவர் வழியே பக்கவாட்டில் வடிகிறது. அப்படியும் அடைக்கும். முதல் நாள் கொட்டும். நாளாக நாளாகக் குறையும். கழுவ வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். விற்க வருகிறவர் இதைக் கடைசியில்தான் சொல்வார்.

இப்போது நுட்பமான இடத்துக்கு வருகிறோம். கரைந்த கால்சியம் மிகச் சின்னது. இந்தச் சவ்வின் கண் அதைவிடப் பல மடங்கு பெரியது. பின் எப்படி நிற்கும்? வலைக் கண்ணில் நுழைந்து ஓடக்கூடிய சின்னக் கெண்டை, பெரிய விரால் வாயில் சிக்கியிருந்தால் என்னாகும்? விராலோடு சேர்ந்து நிற்கும். கருஞ்சாற்றில் கால்சியம் தனியாகத் திரிவதில்லை. கரைந்த லிக்னின் துண்டுகளோடு பிணைந்து திரிகிறது. லிக்னின் பெரியது. அது நின்றால் கால்சியமும் நிற்கும். சோடியம் தனி ஆள், தாண்டிப் போய்விடும். நமக்கு வேண்டியதும் அதுதானே! சோடாவை இழக்காமல் சுண்ணாம்பை மட்டும் பிடிப்பது. வடிந்த சாறு எவாப்பரேட்டருக்குப் போனால் ஓடு கட்டுவது குறையும்.

சிலிக்காவுக்கு வேறு தந்திரம். கடுங்காரத்தில் அது சின்ன அயனியாகக் கரைந்து கிடக்கிறது, எந்த வலையிலும் நிற்காது. முதலில் அதை வளர்க்க வேண்டும். கொதிகலன் புகையில் இருக்கும் கரியமில வாயுவைச் சாற்றுக்குள் செலுத்தினால் காரம் இறங்கும். சிலிக்கா ஒன்றோடொன்று கோத்துத் துகளாகும். கிரஹாம் அமிலம் ஊற்றினாரே, அதே வேலை! ஆனால் பி.எச். 10-க்குக் கீழே இறங்கினால் லிக்னினும் சேர்ந்து திரிந்துவிடும். பால் திரியும் கட்டத்துக்கு ஒரு நூல் முன்னால் அடுப்பை அணைப்பது போன்ற கைப்பக்குவம் அது. கேரளத்தில் கோட்டயத்துக்கு அருகே வெள்ளூர்ச் செய்தித்தாள் காகித ஆலையில், மூங்கில் இனத் தாவரத்தின் சாற்றில் இந்தக் கரியமில வாயு முறையை, நம் மத்தியக் காகித ஆராய்ச்சி நிறுவனம் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் உதவியோடு செய்து பார்த்தது. துகளைப் பிரிக்கும் கடைசிப் படியில் சவ்வைப் பொருத்தினால் நழுவிப்போன துகள்களும் தப்பாது என்பது என் கட்சி. அதற்கு லிக்னினை விட்டுவிட்டுத் துகளை மட்டும் நிறுத்தும் சற்றுப் பெரிய கண் வேண்டும்.

எல்லாவற்றையும் சவ்வு பிடித்துவிடுமா? பிடிக்காது. பொட்டாசியமும் குளோரைடும் சோடியத்தைப் போலவே சின்னவை, தனி ஆட்கள். சோடியம் தாண்டும் வழியில் அவையும் தாண்டிவிடும். கொதிகலன் புகைச் சாம்பலில் இவை சேர்ந்து குவிகின்றன. அந்தச் சாம்பலைக் கழுவித்தான் ஆலைகள் இவற்றை வெளியேற்றுகின்றன. தண்டர் பேயில் அன்று ஒரு சவ்வு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். இந்தச் சவ்வு காப்பாற்றியிருக்காது.

இன்னொரு கேள்வி இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. பெட்டியில் ஒரு குழாய் நல்ல நீர் தருகிறது. இன்னொரு குழாய் உப்பு நீரைச் சாக்கடையில் விடுகிறது. சவ்வு எதையும் அழிப்பதில்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது, அவ்வளவுதான். கால்சியத்தோடு நின்ற லிக்னினை என்ன செய்வது? இதற்கு நல்ல பதில் சொன்ன ஊர் ஒன்று உண்டு. நார்வேயில் சார்ப்ஸ்போர்க் என்ற ஊரில் போரெகார்ட் ஆலை. அங்கே ஸ்ப்ரூஸ் மரத்தைச் சல்ஃபைட் முறையில் வேகவைக்கிறார்கள். 1981 முதல் அந்தச் சாற்றைச் சவ்வில் வடிக்கிறார்கள். சர்க்கரையும் சின்ன உப்புகளும் தாண்டிப் போகின்றன. நிற்கும் லிக்னின் சரக்கு கான்கிரீட்டை இளக்கும் கலவையாகிறது. அதே லிக்னினிலிருந்துதான் அவர்கள் வெனிலின் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அது! சவ்வின் இரண்டு பக்கத்துக்கும் அங்கே வாங்க ஆள் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை வைத்துவிட்டு இன்னொரு பக்கத்தைக் குழி தோண்டிக் கொட்டும் திட்டத்தோடு யாராவது என்னிடம் வந்தால், பழைய ஆற்றைப் புதுக் குழியாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

நேரம் ஆகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த இரண்டு புட்டிகள். நடுவில் இருப்பது சவ்வைத் தாண்டி வந்த சாறு. தெளிந்த நீரை எதிர்பார்த்திருப்பீர்கள். பாருங்கள், கடுந்தேநீர் நிறம். சின்ன லிக்னின் துண்டுகள் தாண்டிவிட்டன, அந்த நிறம் அவற்றினுடையது. ஓரத்தில் இருப்பது சவ்வுக்கு முன்னால் நின்றது. சாய்த்தால் மெதுவாக நகரும், தேன் போல. மாணவர்கள் மேடைக்கு வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். மூடியைத் திறக்க வேண்டாம். திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், நாளைக் காலை இந்த மண்டபத்தில் கல்யாணம் இருக்கிறதாம்.